யாருடைய இரத்தத்தில் சோதித்தீர்கள்? பயோசென்சார் ஆய்வாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் ஆய்வு நிறுவனங்களிலும் நானோபொருள்களைக் கொண்டு மின்வேதி பயோசென்சார் (இரத்தத்திலுள்ள ஒரு பொருளை மின்னோட்டத்தின் வழியே அளக்கும் கருவி) உருவாக்கிவரும் பேராசிரியர்களுக்கும், முனைவர் பட்ட ஆய்வேடுகளை மதிப்பிடும் தேர்வாளர்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் ஆய்வுக் கட்டுரைகளில் முடிவுரைக்குச் சற்று முன்பாக ஒரு சிறு அட்டவணை வரும். 'உண்மை மாதிரிகளில் சோதனை' என்று அதற்குத் தலைப்பு. சேர்த்த அளவு, கண்டறிந்த அளவு, மீட்பு சதவீதம் (சேர்த்ததில் எவ்வளவு கண்டறியப்பட்டது என்பது) என்று நான்கைந்து வரிகள். மீட்பு பெரும்பாலும் 97க்கும் 103க்கும் இடையில் நிற்கும். அந்த அட்டவணையைப் பற்றித்தான் இந்த மடல். நோயைக் கண்டறியும் சென்சார் என்று பெயர் வைக்கிறோம். ஆனால் அது ஒரு நோயாளியின் இரத்தத்தைக்கூடப் பார்க்காமல் கட்டுரையாகி, பட்டமாகி, அலமாரிக்குப் போய்விடுகிறது. இதை மாற்றும் அதிகாரம் உங்கள் கையில் இருக்கிறது. அதனால் உங்களுக்கே எழுதுகிறேன்.

நான் அரசு மருத்துவமனை ஒன்றின் ஆய்வகத்தில் வேலை பார்க்கும் உயிர்வேதியியலர். உங்கள் மாணவர்கள் எங்களிடம் வருவதுண்டு. துறைத்தலைவர் கையெழுத்திட்ட கடிதம், ஐஸ் பேக் வைத்த தெர்மாகோல் பெட்டி, அதற்குள் மூடியில் தேதி எழுதிய சின்னக் குழாய்கள். "மேடம், நார்மல் சீரம் ரெண்டு எம்.எல். கிடைக்குமா?" என்பார்கள். நார்மல் சீரம் என்பது நோயில்லாதவரின் இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த தெளிந்த திரவம். நோயாளியுடையது வேண்டாமா என்று கேட்டால், வேண்டாம், ஆன்டிஜெனை, அதாவது சென்சார் தேடும் புரதத்தை, நாங்களே சேர்த்துக்கொள்வோம் என்பார்கள். நார்மல் சீரம் என்றால் எத்திக்ஸ் கமிட்டி அனுமதி தேவைப்படாது என்று அவர்களுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதற்கும் அனுமதி வேண்டும் என்று எடுத்துச் சொன்னால் முகம் வாடிப்போகிறது. ஆய்வேடு சமர்ப்பிக்க நாள் நெருங்கியிருக்கும்.

அப்படிக் கிடைத்த சீரத்தை பாஸ்பேட் பஃபர் என்ற உப்புக்கரைசலில் ஐம்பது மடங்கோ நூறு மடங்கோ நீர்க்கச் செய்கிறார்கள். கடையில் வாங்கிய தூய புரதத்தை அதில் தெரிந்த அளவில் கலக்கிறார்கள். பிறகு அதை அளக்கிறார்கள். நூறு மடங்கு நீர்த்த சீரம் ஏறக்குறைய பஃபர்தான். போட்டதைத் திரும்ப எடுக்க முடிகிறது என்பதை இந்தச் சோதனை காட்டுகிறது. நோய் உள்ளவரையும் இல்லாதவரையும் பிரித்தறிய முடியுமா என்ற கேள்வியை அது தொடவே இல்லை.

டெங்குவை எடுத்துக்கொள்வோம். டெங்கு வைரஸின் என்.எஸ்.1 புரதத்தைக் கண்டறியும் சென்சார்கள் பற்றிக் கட்டுரைகள் ஏராளம். காய்ச்சல் தொடங்கிய முதல் நாளிலிருந்தே அந்தப் புரதம் இரத்தத்தில் தென்படும் என்பதால் அது நல்ல இலக்குதான். முதல் ஐந்து நாளுக்குள் என்.எஸ்.1 எலைசா (குழிகள் கொண்ட தட்டில் செய்யும் ஆய்வகச் சோதனை), அதன் பிறகு உடல் உருவாக்கும் ஐ.ஜி.எம். எதிர்ப்பொருளைத் தேடும் எலைசா என்பதே அரசு நடைமுறை. எலைசாவில் ஒரே ஒரு மாதிரிக்காகத் தட்டை ஓட்டிக்கொண்டிருக்க முடியாது. பல மாதிரிகள் சேர வேண்டும், அதன் பிறகும் சில மணி நேரம் பிடிக்கும். வார்டில் காத்திருக்கும் தாய்க்கு மறுநாள்தான் முடிவு போய்ச்சேரும். ஒற்றை மாதிரியை அரைமணி நேரத்தில் நம்பகமாகப் பார்த்துச் சொல்லும் கருவி வந்தால் நாங்கள் இரு கை நீட்டி வாங்கிக்கொள்வோம்.

ஆனால் டெங்கு நோயாளியின் இரத்தம் எப்படி இருக்கும்? முதலாவதாக, காய்ச்சலுக்கு அவர் பாராசிட்டமால் விழுங்கியிருப்பார். பாராசிட்டமால் மின்முனையில் எளிதில் ஆக்ஸிஜனேற்றம் அடையும் பொருள். மின்னழுத்தம் கொஞ்சம் ஏறினாலே தன் மின்னோட்டத்தைக் கொடுத்துவிடும். இரத்தத்தில் அது மைக்ரோமோலார் கணக்கில் இருக்கும்போது என்.எஸ்.1 நானோமோலார் கணக்கில்தான் இருக்கும். மூலக்கூறு எண்ணிக்கையில் பல்லாயிரம் மடங்கு வித்தியாசம். அடுத்தது, நோய் முற்றும்போது இரத்தக்குழாய்களிலிருந்து பிளாஸ்மா கசிந்து ஹீமாடோகிரிட் (இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) ஏறும். முழு இரத்தத்தில் அளக்கும் எந்த சென்சாரையும் அது பாதிக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டாம் முறை டெங்கு வந்தவரிடம் பழைய தொற்றினால் உருவான எதிர்ப்பொருள்கள் ஏற்கெனவே இருக்கும். அவை என்.எஸ்.1 புரதத்தைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும். மறைந்து நிற்கும் புரதத்தை சென்சாரில் பொருத்திய எதிர்ப்பொருளால் பிடிக்க முடியாது. ஆபத்தான நிலைக்குப் போகும் வாய்ப்பு அதிகமாக இருப்பதும் இந்த இரண்டாம் தொற்றுக்காரர்களுக்குத்தான்.

நார்மல் சீரத்தில் கலக்கிய புரதத்துக்கு இந்த மூன்று சிக்கலும் கிடையாது. அது கட்டற்று மிதக்கும், தன்னந்தனியாக இருக்கும், அகப்பட்டுக்கொள்ளும். 99.2 சதவீத மீட்பு வந்துவிடும். எவரைக் காப்பாற்ற இந்தக் கருவி தேவைப்படுகிறதோ அவருடைய இரத்தத்தில் அது என்ன சொல்லும் என்பது கடைசிவரை தெரியாமலே போகிறது.

அளவீட்டைக் குழப்பும் குறுக்கீட்டுப் பொருள்கள் பற்றிய சோதனையை உங்கள் மாணவர்கள் அஸ்கார்பிக் அமிலம், யூரிக் அமிலம், குளுக்கோஸ், டோபமைன் என்று ஒரு வழக்கமான பட்டியலோடு முடித்துவிடுகிறார்கள். இது சடங்காகிவிடக் கூடாது என்பதற்கு இரத்தம் தோய்ந்த ஒரு சான்று இருக்கிறது. சில குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப்புகளில் பயன்பட்ட ஒரு நொதிக்கு குளுக்கோஸுக்கும் மால்டோஸுக்கும் வேறுபாடு தெரியாது. வயிற்றுறை டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்குத் தரப்படும் ஐகோடெக்ஸ்ட்ரின் திரவம் உடலில் மால்டோஸாக உடையும். மீட்டர் சர்க்கரை ஏறிவிட்டது என்று காட்ட, இன்சுலின் போட, உண்மையில் தாழ்ந்திருந்த சர்க்கரை இன்னும் தாழ்ந்தது. 2009 ஆகஸ்டில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இதைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டபோது 13 மரணங்கள் பதிவாகியிருந்தன. அவை உரிமம் பெற்றுச் சந்தையில் புழங்கிய சென்சார்கள்.

குளுக்கோமீட்டரை இழுத்ததற்குக் காரணம் உண்டு. நாம் எல்லோரும் முன்னோடியாகச் சொல்லிக்கொள்வது அதைத்தான். 1962இல் கிளார்க்கும் லயன்ஸும் நொதி மின்முனை என்ற யோசனையை வெளியிட்டார்கள். 1984இல் ஃபெரோசீன் ஊடுபொருளைக் கொண்டு எலக்ட்ரானைக் கடத்தும் வழி வந்தது. 1987இல் பேனா அளவில் மீட்டர் விற்பனைக்கு வந்தது. யோசனைக்கும் சட்டைப்பைக்கும் இடையில் கால் நூற்றாண்டு. இன்றைக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போகும் பெண் தன்னார்வலரின் கைப்பையில் இருப்பதும் ஒரு மின்வேதி பயோசென்சார்தான். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் அது. விரல் நுனியில் ஒரு குத்து, ஸ்ட்ரிப் ஓரத்தில் ஒரு சொட்டு, சில நொடிகளில் எண். நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருப்பதாக 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ‘இந்தியாப்’ (INDIAB) ஆய்வு சொன்னது. அந்த ஆய்வை முன்னின்று நடத்தியது சென்னையிலுள்ள ஒரு நிறுவனம் என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

அந்தத் தன்னார்வலர் கதவைத் தட்டும் வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு இரத்தசோகை இருப்பதற்கு வாய்ப்பு பாதிக்கு மேல். 15 முதல் 49 வயதுவரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. சிவப்பணு குறைந்த இரத்தத்தில் குளுக்கோமீட்டர் உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். இதனால்தான் நல்ல மீட்டர்கள் இப்போது ஹீமாடோகிரிட்டையும் அதே ஸ்ட்ரிப்பில் அளந்து திருத்திக்கொள்கின்றன. இவ்வளவு முதிர்ந்த தொழில்நுட்பத்துக்கே இந்தக் கவனம் தேவைப்படும்போது, நாம் புதிதாகச் செய்யும் சென்சாரை இரத்தசோகை உள்ளவரின் மாதிரியில் ஒருமுறையேனும் போட்டுப் பார்த்தோமா? கட்டுரைகளைப் படிக்கும்போது நான் முதலில் தேடுவது இந்தத் தகவலை. கிடைப்பது மிக அரிது.

கண்டறிதல் எல்லை, அதாவது ஒரு சென்சாரால் காண முடிகிற மிகக் குறைந்த அளவு, பற்றியும் சொல்ல வேண்டும். நானோகிராம் போய் பிகோகிராம் வந்தது, அது போய் ஃபெம்டோகிராம், அட்டோகிராம் (ஒவ்வொன்றும் முந்தையதில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று ஒவ்வொரு கட்டுரையும் முந்தையதைவிடக் கீழே இறங்குகிறது. பலவற்றில் அந்த எண் அளந்து பெற்றது இல்லை. வெற்று மாதிரியின் திட்ட விலக்கத்தை மூன்றால் பெருக்கி, அளவீட்டுக் கோட்டின் சாய்வால் வகுத்து வந்தது. செறிவை மடக்கை அச்சில் போட்டு வரைந்த நேர்கோட்டுக்கு அந்தச் சூத்திரம் பொருந்தாது. ஆனாலும் போடுகிறார்கள், நடுவர்களும் விட்டுவிடுகிறார்கள். ஒரு கணக்கு பாருங்கள். ஓர் அட்டோமோலார் கரைசலில் 10 மைக்ரோலிட்டர் எடுத்தால் அதில் இருப்பது ஏறக்குறைய ஆறு மூலக்கூறு. அதற்கும் ஆயிரம் மடங்கு கீழே போய் ஸெப்டோமோலார் என்றால், அந்தச் சொட்டில் ஒரே ஒரு மூலக்கூறு இருப்பதற்கு நூற்றில் ஒரு வாய்ப்புகூட இல்லை. இல்லாத ஒன்றை எந்த நானோபொருளும் கண்டறிய முடியாது.

தேவை என்ன என்று யாரும் எங்களைக் கேட்பதில்லை என்பது என் நீண்ட நாள் வருத்தம். உடலில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. புரதத்தைப் பாருங்கள். கடும் தொற்றில் லிட்டருக்கு நூறு மில்லிகிராமைத் தாண்டும். இதயநோய் அபாயத்துக்குப் பார்க்கும் எல்லையே ஒன்று, மூன்று மில்லிகிராம். அதற்கு ஃபெம்டோகிராம் சென்சார் செய்தால், மருத்துவமனையில் மாதிரியைப் பல கோடி மடங்கு நீர்க்கச் செய்யாமல் பயன்படுத்த முடியாது. ஒவ்வொரு நீர்ப்பிலும் பிப்பெட் பிழை சேரும். மறுபக்கம், இதயத் தசை சேதமானால் இரத்தத்தில் கலக்கும் ட்ரோபோனின் இருக்கிறது. உயர்நுண்ணுணர்வு ட்ரோபோனின்-டி சோதனையில் மாரடைப்பைச் சந்தேகிக்கும் வரம்பு லிட்டருக்கு 14 நானோகிராம். அங்கே கீழே போகத்தான் வேண்டும். நானோபொருளின் பெரிய மேற்பரப்பும் குறிப்பலைப் (சிக்னல்) பெருக்கமும் அங்கே உண்மையாகவே கைகொடுக்கும். நெஞ்சுவலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருபவரின் ஈ.சி.ஜி. தெளிவாக இல்லாதபோது அந்த ஓர் எண்ணுக்கு உயிரின் விலை. அந்த எண் 14க்குப் பக்கத்தில் துல்லியமாக இருக்க வேண்டும், 0.0014இல் எப்படி இருக்கிறது என்பது எங்களுக்கு வேண்டாம்.

நானோபொருள்களைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இரண்டு பழைய செய்திகளை மட்டும் நினைவூட்டுகிறேன். கார்பன் நானோகுழாய்களின் வினையூக்கத் திறன் என்று உலகமே வியந்த சில விளைவுகளுக்குக் காரணம் அவற்றில் ஒட்டியிருந்த இரும்பு போன்ற உலோக அசுத்தங்கள் என்று ஆக்ஸ்ஃபோர்டின் காம்ப்டன் குழு 2006இல் காட்டியது. ஓரணுத் தடிமனுள்ள கார்பன் தாளான கிராஃபீனில் எதையெதையோ கலந்து வினையூக்கம் கூடியது என்று வரிசையாக வந்த கட்டுரைகளுக்குப் பதிலாக, வேதியியலர் மார்ட்டின் புமேராவின் குழு 2020இல் பறவை எச்சத்தைக் கலந்து பார்த்தது. அதிலும் வினையூக்கம் கூடியது. எதைச் சேர்த்தாலும் ஏதோ ஒரு முன்னேற்றம் வரும்போது, ஐந்தாவதாக ஒரு பொருளைச் சேர்ப்பது ஏன் என்ற கேள்விக்கு விடை நோயாளியிடமிருந்து வர வேண்டும். பொற்துகளுக்கு மேல் கிராஃபீன், அதற்கு மேல் எம்ஸீன் என்ற இன்னொரு நானோபொருள், அதற்கும் மேல் ஒரு பாலிமர் என்று அடுக்கும்போது, ஒவ்வோர் அடுக்கையும் ஒரே மாதிரி லட்சம் ஸ்ட்ரிப்புகளில் யார் போடப்போகிறார்கள் என்பதையும் கேட்க வேண்டும்.

உங்கள் ஆய்வகத்தில் ஒரு மின்முனை எப்படித் தயாராகிறது என்று ஒரு மாணவி எனக்குக் காட்டினார். மூன்று மில்லிமீட்டர் விட்டமுள்ள கிளாஸி கார்பன் முனை. ஈரமான பேடில் அலுமினாத் தூளைத் தூவி எட்டு எழுதுவதுபோல் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடியாக்கினார். கழுவி, ஒலி அலைத் தொட்டியில் ஆட்டி, காயவைத்து, மைக்ரோபிப்பெட்டால் ஐந்து மைக்ரோலிட்டர் நானோகலவையை மையத்தில் வைத்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் வைத்தார். காய்ந்தபோது ஓரத்தில் வளையம் கட்டிவிட்டது. துடைத்துவிட்டு மறுபடி தேய்க்கத் தொடங்கினார். அந்தப் பொறுமைக்கு முன்னால் எனக்கு மரியாதை மட்டுமே உண்டு. ஆனால் அந்த சென்சாரின் திறமை பாதி அவருடைய கையில் இருக்கிறது. அவர் பட்டம் வாங்கிக்கொண்டு போன மறுநாள் அதை அதே தரத்தில் செய்ய ஆளில்லை. திரையச்சில் அடித்த மலிவான ஸ்ட்ரிப்பில், சாதாரணக் கையால், தொகுதிக்குத் தொகுதி மாறாமல் வரும் சுமாரான சென்சார் எங்களுக்கு இதைவிடப் பெரிது.

வெப்பத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான்கு டிகிரி குளிரில் இரண்டு வாரம் வைத்து, 95 சதவீதக் குறிப்பலை மீதமிருந்தது என்று எழுதுகிறீர்கள். கரூரிலோ வேலூரிலோ மே மாத மதியத்தில் ஒரு கைப்பைக்குள் எவ்வளவு மீதமிருக்கும்?

பழி மாணவர்கள்மேல் இல்லை. நோயாளி மாதிரிகளில் ஒப்பிட்டுப் பார்க்கும் வேலைக்கு ஓர் ஆண்டு ஆகும். முடிவில் கருவி தடுமாறுகிறது என்று தெரியவந்தால் கட்டுரை சிறு இதழில்கூட வராது. அதே ஓர் ஆண்டில் புதிய கலவைகள் மூன்றைச் செய்து மூன்று கட்டுரை போடலாம். பட்டமும் பதவி உயர்வும் கட்டுரையின் எண்ணிக்கையைப் பார்க்கும்வரை எந்த நெறியாளர் தன் மாணவரை முதல் வழியில் அனுப்புவார்? அதனால்தான் வாய்மொழித் தேர்வுக்கு வருபவர்களிடம் முதலில் கேட்டுக்கொள்கிறேன்: யாருடைய இரத்தத்தில் சோதித்தீர்கள் என்று கேளுங்கள். மருத்துவமனை அனலைசர் தந்த முடிவோடு எத்தனை மாதிரிகளில் ஒப்பிட்டீர்கள் என்று கேளுங்கள். ஒப்பீட்டில் ஆர்-ஸ்கொயர் (இரண்டு முடிவுகளும் சேர்ந்து ஏறி இறங்குவதைக் காட்டும் எண்) 0.99 என்று காட்டினால், இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்பதற்கு அது விடையாகாது, இரண்டுக்கும் இடையிலான வித்தியாசத்தைக் காட்டும் பிளாண்ட்-ஆல்ட்மன் வரைபடத்தைக் காட்டுங்கள் என்று சொல்லுங்கள். கூடவே, நோயாளி மாதிரியில் தோற்றுப்போன சென்சாரை ஏன் தோற்றது என்ற விளக்கத்தோடு எழுதிய அத்தியாயத்துக்கு, வென்ற அத்தியாயத்துக்குரிய மதிப்பைக் கொடுங்கள். அடுத்தவர் அதே குழியில் விழாமலிருக்க அதுதான் உதவும்.

மின்வேதியியல் தமிழ் மண்ணுக்குப் புதிதில்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் எழுந்தது. 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953இல் ஆய்வகம் திறக்கப்பட்டது. மறுபக்கம், 2022 ஜனவரியில் மட்டும் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் மாநிலத்தில் புதிதாகத் திறக்கப்பட்டன. ஒவ்வொன்றிலும் ஆய்வகம் உண்டு, தினமும் பரிசோதனை முடிந்து மீந்துபோகும் மாதிரிகள் உண்டு. இரத்தம் உடைந்து சிவந்தவை, கொழுப்பில் பால்போல் வெளுத்தவை, காமாலையில் மஞ்சளானவை எல்லாம் அதில் அடக்கம். ஒரு சென்சாருக்கு இவற்றைவிட நேர்மையான தேர்வு கிடையாது. நாங்கள் அவற்றை முடிவு அனுப்பியபின் விதிப்படி அழித்துவிடுகிறோம். பெயர், அடையாளம் நீக்கிய மீதி மாதிரிகளை எத்திக்ஸ் கமிட்டியின் ஒப்புதலோடு, தனித்தனியாகச் சம்மதம் வாங்காமல் ஆய்வுக்குப் பயன்படுத்த ஐ.சி.எம்.ஆரின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகளே வழிவிடுகின்றன. வழி இருந்தும் இரண்டு வளாகங்களுக்கும் நடுவே ஆள் நடமாட்டம் இல்லை. ஒவ்வொரு மாணவரும் தெர்மாகோல் பெட்டியோடு தனியாக அலைவதற்குப் பதிலாக, அருகிலுள்ள மருத்துவக் கல்லூரியோடு உங்கள் துறை ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டு, ஆய்வின் முதல் ஆண்டிலேயே உயிர்வேதியியல் துறையிலிருந்து ஒருவரை இணை நெறியாளராக்கிக்கொள்ளலாம். மாணவர் மின்முனையைத் தொடுவதற்கு முன்பு எங்கள் ஆய்வகத்தில் ஒரு மாதம் உட்கார்ந்து பார்க்கட்டும். எந்தச் சோதனை தாமதமாகிறது, எது தவறுகிறது, எதற்காக நோயாளி இரண்டாம் முறை குத்துப்படுகிறார் என்பதெல்லாம் அவருக்குத் தானாகவே தெரியவரும். தலைப்பை அதற்குப் பிறகு முடிவு செய்யலாம்.

டெங்கு சென்சாரில் வேலை செய்பவர்கள் இந்த ஆண்டே தொடங்க விரும்பினால் ஒரு நடைமுறைச் செய்தி. எங்கள் பக்கம் வடகிழக்குப் பருவமழையோடு, அக்டோபர் முதல் மாதிரிகள் குவியும். எத்திக்ஸ் கமிட்டி கூடுவதற்கும், கேட்ட திருத்தங்களைச் செய்து மறுபடி சமர்ப்பிப்பதற்கும் மாதங்கள் பிடிக்கும். ஆய்வு முன்மொழிவு ஜூனுக்குள் உங்கள் அருகிலுள்ள மருத்துவக் கல்லூரிக்குப் போய்ச்சேர வேண்டும். அதில் நார்மல் மாதிரிகளோடு டெங்கு உறுதியானவை, டெங்கு இல்லாத மற்றக் காய்ச்சல்கள், இரண்டாம் தொற்று என்று மூன்று வகையையும் தனித்தனியாகக் கேளுங்கள். எந்த நாள் காய்ச்சலில் எடுத்த இரத்தம், பாராசிட்டமால் கடைசியாக எப்போது எடுத்தார் என்ற இரண்டு விவரத்தையும் சேர்த்துக் கேளுங்கள். அதைக் குறித்துவைப்பது எங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
அரசு மருத்துவமனை ஒன்றின் ஆய்வகத்திலிருந்து ஓர் உயிர்வேதியியலர்